மூன்றாம் வகுப்புக் குழந்தையும் அடைவுத் தேர்வும்: உசிலம்பட்டித் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் வெளிப்படையாகக் கேட்டிருப்பவை இரண்டு. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு வரவிருக்கும் மாநில அடைவுத் தேர்வுக்காக எத்தனை மாதிரி வினாத்தாள்களைப் போட்டுப் பழக்க வேண்டும் என்பது ஒன்று. 'டெஸ்ட்' என்ற சொல் காதில் விழுந்தாலே காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள், இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டாள், அந்தப் பயம் போக அவளிடம் என்ன சொல்வது என்பது மற்றொன்று. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், இதில் மார்க் குறைந்தால் அவளுடைய வருங்காலம் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாமல் செய்வது அந்த மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி எளிதாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மேலூர், திருமங்கலம் ஒன்றியங்களில் பதினான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அதன் பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றி, இத்தகைய தேர்வுகளை நடத்தப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். தேர்வு நடக்கும் வகுப்பறைகளின் பின்வரிசையில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, உளவியல் படித்தவரும் இல்லை. அதனால், அழுத்தமாகச் சொல்லக்கூடியதை அழுத்தமாகவும், என் கண் பார்த்த அனுபவத்தை அனுபவம் என்றும், இன்னும் தீராத விவாதத்தை விவாதம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

அடைவுத் தேர்வு என்பது குழந்தைக்குத் தேர்ச்சி, தோல்வி சொல்வதற்காக வைக்கப்படுவதில்லை. ஒரு வகுப்பை முடிக்கும்போது அந்த வயதுக் குழந்தைகளுக்கு என்னென்ன வந்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் எதிர்பார்க்கிறதோ, அதைத்தான் நாங்கள் 'கற்றல் விளைவு' என்கிறோம். அது எந்த ஊரில் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்று அரசு அளந்து பார்க்கும் கருவி இது. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடந்தது. அதன் அடுத்த சுற்று 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற பெயரில் 3, 6, 9 ஆகிய வகுப்புகளுக்கு நடந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, இரண்டும் சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்டவை. 'ஸ்லாஸ்' என்று ஆசிரியர்கள் சொல்லும் நம் மாநிலத்தின் அடைவுத் தேர்வு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு நடந்தது. இவற்றில் எதற்கும் வகுப்பேற்றத்தோடு தொடர்பில்லை. உங்கள் மகள் எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளித்தாலும் அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்றைப் பற்றி ஏன் இத்தனை பயம் என்றால், அதற்கும் காரணம் உண்டு. 2019 இல் 5, 8 ஆகிய வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. 2020 பிப்ரவரி 4 அன்று அது கைவிடப்பட்டது. அறிவிப்பு போய்விட்டது, அந்தச் சில மாதங்களில் வீடுகளுக்குள் நுழைந்த கலக்கம் போகவில்லை. சின்ன வகுப்புக்குப் பொதுவான தேர்வு என்றாலே பத்தாம் வகுப்புத் தேர்வைப் போல ஏதோ ஒன்று என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். அதோடு, மாவட்டங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் வரும்போது அந்தச் சுமை அதிகாரியிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து வகுப்பாசிரியருக்கும், அவர் வழியாக வீட்டுக்கும் இறங்கி, கடைசியில் எட்டு வயதுக் குழந்தையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அளக்கப்படுவது நாங்கள், வயிறு வலிப்பது அவளுக்கு. இந்த வரிசையை நடுவில் எங்காவது அறுக்க முடியுமென்றால், அதற்கு மிக வசதியான இடம் உங்கள் வீட்டு வாசல்தான்.

இனி வாந்திக்கு வருகிறேன். அதைப் பயம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாமல், முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குடற்புழு, சிறுநீர்த் தொற்று, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடுவது என்று பல காரணங்களால் குழந்தைக்கு வயிறு வலிக்கலாம். மருத்துவர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எந்தெந்தக் காலையில் வலி வந்தது என்று குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வராமல் திங்கட்கிழமை மட்டும் வருகிறதா, டெஸ்ட் இல்லாத பள்ளி நாளிலும் வருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். டெஸ்ட் இல்லாத நாளிலும் வந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் பிள்ளையோ, பள்ளிக் கழிப்பறையோ, யாரோ ஒருவர் போடும் சத்தமோ அதற்குக் காரணமாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலி பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் வரும் வயிற்று வலியும் வலிதான்; நடிப்பு என்று சொன்னால், அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்லாமல் இருப்பாள், அவ்வளவே நடக்கும்.

அதோடு கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலகையில் இருப்பதைத் தப்பாக எழுதுகிறாள், கவனமே இல்லை என்று நாங்கள் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவிக்குக் கண்ணாடி போட்ட பிறகு எழுத்தே மாறிப்போனது. தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் மதுரைக்கு அருகிலேயே இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எத்தனை மாதிரித் தாள் என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால், இந்த வயதில் தேர்வுக்கான உண்மையான ஆயத்தம் எது என்பதைச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குத் தெரியாமல் தவறவிட்ட கேள்விகளைவிட, கேள்வியை வாசித்து முடிக்க முடியாமல் தவறவிட்டவையே அதிகம். 'ஒரு முழம் மல்லிகை 20 ரூபாய். கவிதா 3 முழம் வாங்கிக்கொண்டு 100 ரூபாய் கொடுத்தாள். கடைக்காரர் எவ்வளவு திருப்பித் தருவார்?' என்பதை வாயால் கேட்டால் உசிலம்பட்டிப் பிள்ளை கண் சிமிட்டும் நேரத்தில் நாற்பது ரூபாய் என்று சொல்லிவிடும். அதையே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், எழுத்தைக் கூட்டிக் கூட்டி மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் முதல் வாக்கியம் மறந்துவிடுகிறது; கண்ணில் பட்ட 20, 3, 100 எல்லாவற்றையும் கூட்டி 123 என்று எழுதிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு இன்னும் நூறு கணக்குகள் கொடுத்துப் பயனில்லை. அதற்குத் தேவை தினமும் ஒரு கால்மணி நேரம் சத்தம்போட்டு வாசிப்பது.

ஆகவே, சாயங்காலம் ஒரு சின்னக் கதையை, முதலில் நீங்கள் ஒரு பத்தி, பிறகு அவள் ஒரு பத்தி என்று மாறி மாறி வாசியுங்கள். அவள் தடுமாறும் சொல்லை உடனே எடுத்துக் கொடுங்கள். இது திருத்தும் நேரம் இல்லை. முடிந்ததும் கதையில் யார், எங்கே, ஏன் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பள்ளி நூலகப் புத்தகங்கள் தீர்ந்துவிட்டால், ஒரு சனிக்கிழமை அவளை மதுரைக்கு அழைத்துப் போய், புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். தேர்வைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தில் பிள்ளைகளை, கற்றலில் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அரும்பு என்று சொன்னால் வெட்கப்படாதீர்கள். எங்கிருந்து வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்று அது காட்டுகிறது. அந்தப் படியை விட்டுவிட்டு மாதிரித் தாள் போட வைத்தால், நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் இறக்கிப் பழக்குவதுபோல ஆகிவிடும்.

வாசிப்பு ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு தாளின் வடிவத்தைப் பழக்கலாம். விடை தெரிந்திருந்தும் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. 'பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது' என்ற வகைக் கேள்வியில், 'அல்லாதது' என்ற சொல்லைத் தாண்டிப் போய், முதலில் இருக்கும் பறவையைக் குறித்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் அதன் அடியில் ஒரு கோடு போடச் சொல்லிப் பழக்குங்கள். அடுத்தது ஓ.எம்.ஆர். தாள், அதாவது சரியான விடைக்குரிய வட்டத்தை நிரப்பிக் கொடுத்தால் இயந்திரம் படித்துத் திருத்தும் விடைத்தாள். அந்தக் குட்டி வட்டங்களை நிரப்புவது ஒரு கைவேலை; எட்டு வயது விரலுக்கு அது எளிதன்று. பதினோராவது கேள்வியின் விடையைப் பன்னிரண்டாவது வரிசையில் நிரப்பிவிட்டு, அங்கிருந்து கடைசி வரை ஒரு வரிசை தள்ளியே நிரப்பிக்கொண்டு போன பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். விடைகள் எல்லாம் அதற்குத் தெரிந்தவையே. சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் வினாத்தாளிலேயே குறிக்க, தேர்வை நடத்துபவர் அதை ஓ.எம்.ஆர். தாளுக்கு மாற்றும் முறையும் உண்டு. எது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையே நிரப்ப வேண்டும் என்றால் அதை விளையாட்டாகத் தொடங்கலாம். திண்ணையில் சாக்பீஸால் வரிசைக்கு நான்கு வட்டமாகப் பத்து வரிசை போட்டு, அ, ஆ, இ, ஈ என்று எழுதிவிட்டு, நீங்கள் கேள்வியை வாயால் கேட்டால் அவள் ஒரு வரிசைக்கு ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும் என்று நான் பல வீடுகளில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு வரிசைக்கு ஒன்றுதான், வரிசை தாண்டக் கூடாது என்பது விளையாட்டிலேயே கைக்குப் பழகிவிடும். பிறகு தாளுக்கு மாறலாம்.

இப்போது மாதிரித் தாள். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் மனத்தில் நிற்கும் என்பது நன்றாகச் சோதிக்கப்பட்ட செய்தி. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அதை அப்படியே எட்டு வயதுக்கு இறக்கி, நாளுக்கு ஒரு முழுத் தாள் என்று வைப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. என் அனுபவத்தில், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி, பத்துப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மார்க் போட வேண்டாம். தவறிய கேள்வியை மட்டும் மறுநாள் மாற்றிக் கேளுங்கள். முழு நீளத் தாளை, தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இரண்டே முறை போட்டால் போதும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து பழகுவதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் கிடையாது. 2021 ஆய்வில் மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு நேரம் 90 நிமிடம். பெரியவர்களுக்கே அது நீளமான நேரம். பக்கத்துத் தெரு டியூஷனில் தடித்த கைடு வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். பாடப்புத்தகத்தைத் தாண்டி இந்தத் தேர்வுக்குத் தேவையானது எதுவும் அதில் இருக்காது.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். 'பயப்படாதே' என்பது என் கண் முன்னால் ஒருமுறைகூட வேலை செய்ததில்லை. பயப்பட அங்கே ஏதோ இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் நினைவூட்டுகிறது. 'நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு தாள் கொடுப்பார்கள், உனக்குத் தெரிந்ததை எழுது, தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ' என்று ஒருமுறை, சாதாரணக் குரலில், வேறு வேலை செய்துகொண்டே சொல்லுங்கள். அது உண்மையும்கூட. 'நீ கெட்டிக்காரி, நிச்சயம் நல்லா எழுதுவே' என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புத்திக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான கணக்கு வந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயல்கிறார்கள் என்று 1998 இல் ம்யூலர், டுவெக் ஆகியோர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த விளைவு எவ்வளவு பெரிது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் இருக்கிறது. அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருந்தாலும் 'இந்தக் கணக்கை அழித்து அழித்து மூன்று தடவை போட்டுப் பார்த்தாயே' என்று அவள் செய்ததைச் சொல்லிப் பாராட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொரு ஆய்வு உங்களையும் என்னையும் பற்றியது. கணக்கைக் கண்டு தாங்களே அஞ்சும் பெற்றோர், பிள்ளைக்கு அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்தப் பிள்ளையின் கணக்கு அந்த ஆண்டில் பின்தங்குகிறது, கணக்கைப் பற்றிய அச்சமும் கூடுகிறது என்று 2015 இல் அமெரிக்காவில் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்று அதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் வீடுகளில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. உங்களுக்குக் கணக்கு என்றால் படபடப்பு வரும் என்றால், அந்தப் பத்துக் கேள்வியை அவளுடைய தாத்தாவோ, சித்தியோ, மேல்வகுப்பு அக்காவோ கேட்கட்டும். நீங்கள் கதை வாசிக்கும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் தவறு செய்தேன், அதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், விடைத்தாளை மார்க் வரிசையில் அடுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும் என்று உண்மையாகவே நம்பினேன். கடைசியில் கூப்பிடப்படும் ஒரு பையன், தாள் கொடுக்கும் நாளில் மட்டும் வகுப்புக்கு வருவதில்லை என்பதை அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் கவனித்தேன். தாளை மேசை மேசையாகப் போய்க் கவிழ்த்து வைத்துக் கொடுக்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது. ஓர் ஆண்டு முழுவதும் அவன் அப்படி ஒளிந்துகொண்டிருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க், அக்கா மகனின் மார்க் என்ற பேச்சு அவள் காதில் விழும்படி நடக்கிறதென்றால், தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள்.

தேர்வு நாளைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். முதல் நாள் இரவு புதிதாக எதையும் படிக்க வைக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் 2016 இல் வகுத்த கணக்கு. காலை ஆறரைக்கு எழும் பிள்ளை இரவு ஒன்பதரைக்காவது படுத்திருக்க வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோ தோசையோ போதும், விசேஷமாக எதுவும் வேண்டாம். சாமி கும்பிட்டு விபூதி வைத்துவிட்டுக் கிளம்புவது உங்கள் வீட்டு வழக்கமென்றால் அதை விடவே விடாதீர்கள். தெரிந்த ஒழுங்கு பிள்ளைக்குத் தைரியம் தரும். நல்ல மார்க் வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் முன்னால் நேர்ந்துகொள்வதை மட்டும் தவிருங்கள். அம்மாவின் நேர்த்திக்கடன் தன் கையில் இருக்கிறது என்று அவள் அதைப் புரிந்துகொள்வாள்.

தேர்வை நடத்த வருபவர் முன்பின் தெரியாதவராக இருப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒருமுறை ஒரு பள்ளியில் ஒரு பையன் பாதித் தாளோடு பேனாவை வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கேள்வி கடினமோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவனுக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். புது ஆளிடம் கேட்கப் பயம். 'சார், பாத்ரூம் போகணும்', 'டீச்சர், இந்தக் கேள்வி புரியலை' என்ற இரண்டு வாக்கியங்களையும் வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். பத்து மாதிரித் தாளைவிட அவை உதவும். படபடப்பு வந்தால், சூடான பாலை ஆற்றுவதுபோல மெதுவாக ஐந்து தடவை ஊதச் சொல்லலாம். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது நெஞ்சின் படபடப்பு தணிவது உண்மை. அதனால் மார்க் கூடும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் பதிலால் ஆகாத இடமும் ஒன்று உண்டு. நான் சொன்னபடி இரண்டு மூன்று மாதம் அமைதியாக வாசித்துப் பார்த்தும் அவளுக்கு எழுத்துகள் குழம்பிக்கொண்டே இருந்தால், நேற்றுத் தெரிந்த சொல் இன்று புதிதாகத் தெரிந்தால், வாய்மொழியில் கெட்டியாக இருப்பவள் எழுத்தில் மட்டும் தடுமாறினால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைக் கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்த்தும் நான் சொல்லக் கூடாது. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் காட்டுங்கள். பள்ளி என்ற பேச்சுக்கே வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கத்தில் அலறினாலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போவதில் தயக்கம் வேண்டாம். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட குழந்தை அந்த ஒரு நாள் தேர்வு எழுதாமல் போனாலும் அதற்கு எந்த இழப்பும் இல்லை.

தேர்வு முடிந்து வரும் மாலையில், எத்தனை சரி என்று கேட்காதீர்கள். பை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் பத்திரமா, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று மற்ற நாள்களைப் போலக் கேளுங்கள். அவளாக ஒரு கேள்வியைச் சொல்லி, அது வரவில்லை என்று சொன்னால், அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துத் திண்ணையில் அதைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.